முதல் வகுப்பு அண்டா

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போனதும் நான்தான். தேர்வு முடிவு வந்த வாரம் அப்பா ஆவடியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனார். பேர் வெட்டுகிறவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாங்கின எல்லாவற்றிலும் என் பேரையும் பட்டத்தையும் வெட்டிக்கொண்டு வந்தார். கரண்டிக் காம்பில் இடம் போதாமல் பி.காம். மட்டும். எவர்சில்வர் அண்டாவில் இடம் தாராளம் என்பதால் முதலில் என் பேர், அதன் கீழே பி.காம்., அதற்கும் கீழே ‘முதல் வகுப்பு’. இருபது பேருக்குச் சோறு வடிக்கலாம். நாங்கள் மூன்றே பேர். அண்டா பெட்டியோடு பரணுக்குப் போனது.

நான் வேலைக்குப் போகிற நேரம் போக, பழைய பொருட்களை இணையத்தில் விற்கிறேன். என் கைடு புத்தகங்களில் ஆரம்பித்தது. பிறகு தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறவர்களின் மிக்ஸி, தையல் மெஷின், சைக்கிள். ஒவ்வொரு விளம்பரத்தின் கீழும் என் விதிகள் இருக்கும்: பொருள் சொன்னபடி இல்லையென்றால், அது திரும்பி வந்ததும் முழுப் பணமும் தரப்படும், திருப்பி அனுப்பும் செலவும் என்னுடையது, வாங்கினவர் மனம் மாறினால் அந்தச் செலவு அவருடையது. இதைப் படித்துவிட்டு ஒருவர், “வக்கீல் வெச்சு எழுதினீங்களா?” என்று கேட்டார். அன்றைக்கு நான் ஒரு சுற்று பெருத்தேன்.

அண்டாவை விற்கச் சொன்னது அம்மா. “பரணையே அடைச்சிக்கினு கீது. வித்துடு. உங்கப்பன் மேல ஏறிப் பாக்கவா போறாரு?” என்றாள். நான் எழுத்து இருக்கும் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பிவைத்துப் போட்டோ எடுத்தேன். ‘பயன்படுத்தாதது, கீறல் இல்லை’ என்று போட்டேன். மறுநாளே வானகரத்தில் ஒரு அக்கா வாங்கிவிட்டார். அப்பாவின் லோடு ஆட்டோ தினமும் வானகரம் வழியாகத்தான் போகிறது. ஆனால் அதில் எப்படி ஏற்றுவது? கூரியருக்குப் பணம் கட்டி அனுப்பினேன்.

அடுத்த வாரம் அக்கா போட்டோ அனுப்பினார். என் பட்டத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். உடனே போனும் வந்தது.

“இது என் பொண்ணு சீருக்கு வாங்கினதும்மா. இன்னொரு பொண்ணு பேரு கீதே இதுல!”

“பேர் கீறல்ல சேராதுக்கா. அது அலங்காரம்.”

“அலங்காரமா? என் பொண்ணு பன்னெண்டாவதும்மா. சம்பந்தி வூட்ல, மொதல் வகுப்பு யாருன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

“எத்தனையோ பேர் வீட்ல வேற பேர் போட்ட பாத்திரம் இருக்குக்கா. இது நீங்க மனசு மாறினதுலதான் வரும். திருப்பி அனுப்பற செலவு உங்களுது.”

“ஏம்மா, அண்டாவுக்கு நாலு பக்கமும் இடம் கீது. எழுத்து கீற பக்கத்த மட்டும் செவுத்துக்குக் காட்டிட்டு எனக்கு முதுகக் காட்டிக்கீற. மனசு மாறினது நானா?”

செலவு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அக்காவுக்கும் மனம் இளகியது. “வூடு எங்கன்னு சொல்லு. எங்க வூட்டுக்காரரு வண்டில வெச்சிக் கொண்டாந்து குடுத்துடுவாரு. எதுக்கு வீண் செலவு?” என்றார்.

அப்பா கதவைத் திறப்பதுபோலக் கண்முன் வந்தது. “வேணாம்க்கா. கூரியர்லயே போடுங்க. அதான் முறை” என்றேன். பார்சல் கைக்கு வரும்போது கூரியர் பணத்தை நானே கட்டி எடுத்துக்கொள்ளும்படி அனுப்பச் சொன்னேன். திங்கட்கிழமை வரும், அன்று லீவு போட்டுத் தெருமுனையிலேயே மடக்கிவிடலாம் என்பது திட்டம்.

கூரியர் ரசீதை அக்கா போட்டோ எடுத்து அனுப்பினார். நான் அனுப்பினபோது நாலு கிலோ. திரும்பும்போது ஒன்பது.

“அக்கா, அண்டா எப்படி அஞ்சு கிலோ ஏறிச்சு?”

“வெறும் பாத்திரத்த எப்டிம்மா திருப்பி அனுப்பறது? நல்லாவா இருக்கும்? அரிசி போட்டுக்கீறேன். கொஞ்சம் வெல்லம், மஞ்சள், வெத்தல பாக்கு.”

அந்த அரிசியைச் சுமக்கும் செலவு யாருடையது என்பதற்கு என் விதிகளில் இடமே இல்லை. “சரிக்கா” என்றேன்.

பார்சல் திங்கட்கிழமை வரவில்லை, சனிக்கிழமையே வந்துவிட்டது. அம்பத்தூர் ஆபீஸில் இருந்தேன். ‘உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது. பெற்றவர்: தந்தை’ என்று செய்தி வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்து நெமிலிச்சேரியில் இறங்கி ஓடினேன்.

கூடத்து நடுவில் அண்டா. எழுத்துப் பக்கம் வாசலைப் பார்த்து இருந்தது. அப்பா தலை வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா சமையலறையில் தேவையில்லாமல் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா அவங்க?” என்றார் அப்பா.

“எவங்கப்பா?”

“மாப்ள வூட்டுக்காரங்க! அரிசி, மஞ்சள், வெத்தல பாக்கு. உன் பேரு, பட்டம், மொதல் வகுப்பு, எல்லாம் வெட்டிக்கினு அனுப்பிக்கீறாங்க பாரு. எனக்கு வேற எதையும் படிக்க வராட்டியும் இத படிக்க வரும். பொண்ணோட படிப்புக்கு மரியாத தெரிஞ்ச குடும்பம்.”

அம்மாவைப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை.

“நம்ம அண்டா மாரியே கீதுப்பா இல்ல?” என்றேன், மெதுவாக.

“அதான் சொல்றேன்! எங்கியோ விசாரிச்சு அதே மாரி வாங்கிக்கீறாங்க. இரு, பரண்ல கீறத எறக்கறேன். ரெண்டையும் ஜோடியா வெச்சி ஒரு போட்டோ எடு.”

ஏணியைச் சாத்திவிட்டார். இரண்டாவது படியில் கால் வைத்துவிட்டார். அவர் மேலே போய்ப் பார்ப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இல்லாத மாப்பிள்ளைக்கு நாள் குறிக்க வேண்டும்.

“மேல ஒண்ணும் இல்லப்பா. அது இதுதான். நான் வித்துட்டேன். வாங்கினவங்க திருப்பி அனுப்பிட்டாங்க.”

அப்பா ஏணியிலேயே நின்றார். அண்டாவை மேலிருந்து பார்த்தார். இறங்கினார். கேட்ட முதல் கேள்வி இது: “எவ்ளோக்கு?”

சொன்னேன்.

“அவ்ளோதானா?” குரல் அப்போதுதான் உடைந்தது. “எழுத்துக்கு இவ்ளோன்னு வாங்கினான்மா அவன். பேரு வெட்டினதுக்கே தனியா குடுத்துக்கீறேன். நீ வெறும் அண்டா வெலைக்கா வித்த?”

“பேர் இருக்கறத அவங்களுக்குக் காட்டலப்பா.”

“ஏன் காட்டல?”

படித்தவள் என்று வீடு முழுக்க எழுதி வைத்திருக்கிறார். அவரிடம், பேரைப் பார்த்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? அம்மா உள்ளிருந்து, “அதான, ஏன் காட்டல?” என்று சேர்ந்துகொண்டாள்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து, “திருப்பி அனுப்பினா பணம் குடுக்கற விதி ஒண்ணு எய்தி வெச்சிக்கீறியாமே. உங்கம்மா சொல்லுவா. அத படி” என்றார்.

போனை எடுத்துப் படித்தேன். பொருள் சொன்னபடி இல்லையென்றால், திருப்பி அனுப்பும் செலவும் என்னுடையது.

“கூரியர்காரனுக்கு நான்தான் கட்டினேன்” என்று கையை நீட்டினார்.

முதலில் வானகரத்து அக்காவுக்கு முழுப் பணத்தையும் அனுப்பினேன். பிறகு அப்பாவுக்கு, ஒன்பது கிலோவுக்கும்.