நல்ல தண்ணியில கலந்த பெயிண்ட்

கார்த்திகை மாசக் கடைசியில, ஒரு மழை நாள் சாயங்காலம், என் தங்கச்சி ஒத்தப் பையோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. தருமபுரத்துல ஒரு மாடி போர்ஷன்ல நான் வாடகைக்கு இருக்கேன். பக்கத்துலயே ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலை. என் வீட்டுக்காரர் துபாய்ல. அதனால வீட்டுல நானும் டிவியும்தான். கதவைத் தொறந்தா இவ நனைஞ்சுகிட்டு நிக்கிறா, இடது கன்னம் வீங்கியிருக்கு. "அவரு கை நீட்டிட்டாருக்கா"ன்னா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்பவே பஸ் ஏறிப் போய் அந்த ஆளு சட்டையைப் புடிச்சு உலுக்கியிருப்பேன். இவதான் என் கையைப் புடிச்சு உக்கார வச்சா.

அப்பா அம்மா வரிச்சிக்குடியில இருக்காங்க. அங்க போகாம எங்கிட்ட ஏன் வந்தான்னு நான் கேக்கவே இல்ல. அங்க போயிருந்தா சோறு போட்டு, கூட உக்காந்து அழுது, மறுநாளே திருப்பி அனுப்பி வச்சிருப்பாங்க. விஷயம் தெரிஞ்சதும் அப்பா போன்ல சொன்னதும் அதேதான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லும்மா." அவ மாமியாரும் போன் பண்ணாங்க. "மார்கழியில ஒண்ணும் பேச வேணாம். தை பொறக்கட்டும், நாங்களே வந்து அழைச்சிகிட்டுப் போறோம்"னாங்க. ரிப்பேருக்குக் குடுத்த மிக்சியைத் திரும்ப வாங்கிக்கிற மாதிரி ஒரு பேச்சு!

ஆக, அவளுக்கு ஒரு மார்கழி கெடச்சுது. தை பொறந்ததும் போயிடுவாளா, இருந்துடுவாளா? எனக்கு அதே நெனப்புதான். கேட்டா, "பாக்கலாம்க்கா"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவா.

ஒரு வாரம் சும்மா சுவத்தைப் பாத்துகிட்டு உக்காந்திருந்தா. என் வீட்டுச் சுவரும் பாக்குற மாதிரி இருக்காதுங்க. கடக்காத்து பட்டுப் பட்டு அங்கங்க பொரிஞ்சு, அப்பளம் மாதிரி உப்பி நிக்கும். எனக்கு முன்னாடி குடியிருந்தவங்க வீட்டுப் புள்ளைங்க கை தடம் வேற. வாடகை வீடுதானேன்னு நானும் கண்டுக்காம விட்டுட்டேன். ஒரு நாள் நான் ஆபீஸ்லேர்ந்து வந்து செருப்பைக் கழட்டுறேன், இவ கேக்குறா, "அக்கா, பொங்கலுக்குப் பெயிண்ட் அடிச்சா என்ன?"

"பொங்கல் நேரத்துல பெயிண்டர் கெடைக்கிறது குதிரைக் கொம்புடி."

"பெயிண்டர் எதுக்கு? நான் அடிக்கிறேன்."

"ஒனக்குப் பெயிண்ட் அடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

சொல்லிட்டு சிரிச்சா பாருங்க, வந்த நாள்லேர்ந்து அன்னைக்குத்தான் மொத மொதல்ல சிரிச்சா. அந்தச் சிரிப்புக்காக அவ சுவத்தை இடிக்கிறேன்னு சொல்லியிருந்தாக்கூட சரின்னிருப்பேன்.

கீழ் வீட்டுல ஓனரம்மா. தனிக்கட்டை, பென்ஷன் வாங்குறவங்க, சர்ச்சுல ஞாயித்துக்கிழமை பூசை தவறாதவங்க. போய்க் கேட்டோம். "தாராளமா அடிங்க புள்ளைங்களா. ஆனா கட்சிக் கலர் எதுவும் கூடாது. எலெக்‌ஷன் வந்தா ஒருத்தன் நம்ம வீடுன்னு உள்ள வருவான், இன்னொருத்தன் மொறைப்பான்"னாங்க. கலர் அட்டையை வச்சுகிட்டு உக்காந்தோம். சிவப்பு போச்சு, கருப்பு போச்சு, பச்சை போச்சு, காவி போச்சு, நீலமும் போச்சு, மஞ்சளையும் சந்தேகத்துல தள்ளி வச்சாங்க. நம்ம நாட்டுல கட்சிக்குத் தப்பிச்ச கலர்னு ஒண்ணு இருக்கான்னே எனக்குத் தெரியல. கடைசியில இவதான் ஒண்ணத் தொட்டுக் காட்டுனா. வாழைக்குருத்து விரியிறப்ப உள்பக்கம் ஒரு கலர் தெரியுமே, பச்சையும் இல்லாம மஞ்சளும் இல்லாம, அது. ஓனரம்மா கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "இதுக்குக் கட்சி இல்ல"ன்னு தீர்ப்பு சொன்னாங்க.

மறுநாளே கடைக்குப் போய் எல்லாம் வாங்கிட்டு வந்துட்டா. ரோலர், பிரஷ், பள்ளம் அடைக்கிற பட்டி, தேய்க்கிற உப்புத்தாள், பிரைமர். எது எதுக்குன்னு கடைக்காரரைக் கேட்டுக் கேட்டு, போன்ல பாத்துப் பாத்து வேலையை ஆரம்பிச்சா. பொரிஞ்ச எடத்தையெல்லாம் சுரண்டித் தள்ளுனா. சாயங்காலம் நான் வந்து பாத்தா தலை, புருவம், கண் ரெப்பை எல்லாம் வெள்ளை. "என்னடி, ஒரே நாள்ல கெழவியாயிட்ட?"ன்னு சத்தம் போடுவேன். "கெழவிக்கு ஒரு டீ போடு"ம்பா. சின்ன வயசுலேர்ந்தே அவ எதையும் அரைகுறையா விட்டதில்ல. கோலத்துல ஒரு புள்ளி தப்புனா மொத்தத்தையும் அழிச்சிட்டு மறுபடி வைக்கிறவ. அந்தக் கைதான் சுவத்துல வேலை செஞ்சுது. ஓரத்துல டேப் ஒட்டி, சுவிட்ச் போர்டுக்குப் பேப்பர் சுத்தி, ரோலரை மேலேர்ந்து கீழ ஒரே சீரா இழுத்துகிட்டு வருவா. வாசல்ல நின்னு நான் வாயப் பொளந்து பாப்பேன். என்ன அழகு தெரியுமா!

ஹால் முடிஞ்சுது. நானும் கொஞ்சம் அடிச்சேன், என் பக்கம் மேடும் பள்ளமுமாத்தான் இருந்துச்சு, அதை விடுங்க. ரெண்டு பேரும் நடு ஹால்ல உக்காந்து தோசை தின்னுகிட்டே சுத்திச் சுத்திப் பாத்தோம். எம்மேலயே எனக்கு ஒரு மரியாதை வந்துடுச்சு.

அந்த வாரம் முடியறதுக்குள்ள சுவர் பூத்துடுச்சு. வெள்ளை வெள்ளையா, மாவு தூவுன மாதிரி, கீழேர்ந்து மேல வரைக்கும். துணியால தொடச்சா போகுது, காலையில எழுந்தா திரும்ப நிக்குது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்! வா, போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வருவோம்"னு நான் செருப்பை மாட்டிட்டேன். இவ அசையல. சுவத்துகிட்ட போனா, விரலால ஒரு தடவு தடவுனா. அப்புறம், சத்தியமா சொல்றேன், நாக்கை நீட்டி சுவத்தை நக்குனா!

"அடிப்பாவி! என்னடி பண்ற?"

"உப்பு கரிக்குதுக்கா. தண்ணி."

அப்பத்தான் எனக்கும் ஒறச்சுது. இங்க போர் தண்ணி ஒரே உப்பு. துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதான். காலையில பைப்புல வர்ற நல்ல தண்ணி குடிக்கவும் சமைக்கவும் மட்டும். நல்ல தண்ணியில கை கழுவுனாக்கூட எங்க அம்மா கரண்டியைத் தூக்குவாங்க. அப்படி வளந்த ரெண்டு பேரும் சுவத்தைக் கழுவுனது, பிரைமர் கலந்தது, பெயிண்ட் கலந்தது, அத்தனைக்கும் போர் தண்ணியைத்தான் மொண்டு மொண்டு ஊத்தியிருக்கோம். சுவத்துக்கு நல்ல தண்ணியைக் குடுக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல. வேற ஊர்க்காரங்களா இருந்தா இந்தத் தப்பைச் செஞ்சிருக்க முடியாது.

நானா இருந்தா அன்னைக்கே பிரஷைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். "போதும்டி, இப்படியே கெடக்கட்டும்"னு சொல்லவும் சொன்னேன். அவ முந்தானையை இழுத்துச் செருகிகிட்டு மறுபடி சுரண்ட ஆரம்பிச்சா. மொத்த ஹாலையும். அப்புறம் காலையில பைப்புல தண்ணி வர்றப்ப கொடம் கொடமா மாடிக்குச் சொமந்தா. ஓனரம்மா படிக்கட்டுல வழிமறிச்சு, "அடி ஆத்தாடி, சுவத்துக்குக் குடிதண்ணியா!"ன்னு மார்ல கை வச்சுகிட்டாங்க. இவ கொடத்தை எறக்காமலேயே பொறுமையா சொன்னா, "இப்ப ஊத்தலன்னா வருஷா வருஷம் ஒங்க சுவர் உதிரும்மா." அந்தம்மா ஒதுங்கி வழி விட்டாங்க. அதுக்கப்புறம் மெதுவா மேல ஏறி வந்து, ஒரு நாற்காலியைப் போட்டுகிட்டு வேடிக்கை பாக்கவும் ஆரம்பிச்சாங்க.

ஈரத் துணியால தொடச்சு, மார்கழிப் பனியில சுவர் காயற வரைக்கும் காத்திருந்து, ஃபேனைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சு, திரும்ப பட்டி, திரும்ப பிரைமர், திரும்ப பெயிண்ட். பூக்கல. கையை வச்சா வழவழன்னு இருந்துச்சு. காலை வெயில் ஜன்னல் வழியா வந்து விழுந்தப்ப சுவத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துகிட்டே ஹாலைச் சுத்தி வந்தேன்.

ஆனா முழுசா சந்தோஷப்படவும் முடியல. பொங்கல் நெருங்க நெருங்க நான் காலண்டரையே பாக்க ஆரம்பிச்சிட்டேன். இவ இவ்வளவு பாடுபடுறது எதுக்கு? போறதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஏதாவது செஞ்சுட்டுப் போகணும்னுதானே? சமையக்கட்டையும் முடிச்சா. பிரஷையெல்லாம் கழுவிக் காயவச்சு, மிச்ச டப்பாவை மூடி வச்சா. கணக்கு தீத்துட்டுக் கெளம்புற ஆளு மாதிரியே இருந்துச்சு எனக்கு. இருடின்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். நான் சொல்லி அவ இருந்துட்டா அது என் முடிவாயிடும், அவ முடிவா இருக்காதேன்னு முழுங்கிடுவேன்.

பொங்கல் முடிஞ்ச வாரம் வந்தாங்க. அவளோட வீட்டுக்காரரும் மாமியாரும். தட்டுல பழம், பூ, புதுப்புடவை. மாமியார் உள்ள வந்ததும் சுத்திப் பாத்தாங்க. "பரவால்லையே, யாரு அடிச்சது?"

"ஒங்க மருமகதான்"னேன்.

அவரு சிரிச்சாரு. "இவளா? வாடகை வீட்டுக்கு வேலைக்காரி கணக்கா இத்தனை வேலையா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு எனக்கு. ஒரு மாசமா சேத்து வச்சிருந்தேன், என்னென்ன கேக்கணும்னு. அதுக்குள்ள இவ காபியைக் கொண்டுவந்து அவங்க முன்னாடி வச்சா. வச்சிட்டு நின்னா. ஒக்காரல.

"நான் வரலங்க அத்தை"ன்னா. குரல் ஏறல, எறங்கல.

"வரலன்னா? அக்கா வீட்டுல எத்தனை நாளைக்கு ஒட்டிகிட்டுக் கெடப்ப? நாளைக்கு அக்கா புருஷன் வந்தா எங்க போவ?"ன்னாங்க மாமியார்.

"பக்கத்து போர்ஷன் காலியாத்தான் இருக்கு. ஓனரம்மாகிட்ட பேசிட்டேன், அதை எடுத்துக்கறேன். நான் பெயிண்ட் வாங்குன கடையில பில் போட ஆள் கேட்டாங்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து போறேன்."

நான் வாயைத் தொறந்தவ தொறந்தபடி நிக்கிறேன். அவரு எழுந்தாரு, ஒரு அடி முன்னால வச்சாரு. இவ பின்னால நகரல. அவரு முகத்தையே பாத்துகிட்டு நின்னா. அவருதான் கண்ணை எறக்கிகிட்டாரு. தட்டை எடுத்துகிட்டு ரெண்டு பேரும் படியெறங்கிப் போனாங்க. காபியைத் தொடவே இல்ல.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னு அவ தோளைப் புடிச்சு உலுக்கிட்டேன்.

"சொல்லியிருந்தா எனக்காக நீயே எல்லாத்தையும் பேசியிருப்பக்கா."

உண்மைதான், பேசியிருப்பேன். ஊரைக் கூட்டியிருப்பேன். அவ கையைப் புடிச்சேன், அப்பத்தான் தெரிஞ்சுது, முந்தானை நுனியை உள்ள வச்சு இறுக்கிப் பொத்திகிட்டு இருந்தா. அவங்க இருந்த வரைக்கும் பயத்தை ஒரு சொட்டுகூட வெளிய காட்டல. நான் அவளைக் கட்டிப் புடிச்சிகிட்டு, அந்த முந்தானையை அவ விடுற வரைக்கும் நானும் விடல.