நூற்று இருபதோடு நின்றுபோன மெஷின்

எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு டாக்டரின் கடிதம் வேண்டும் என்று இன்று திருப்பதிக்குப் போனேன்.

கையில் நாலு வருட ஃபைல். சர்க்கரை, பிரஷர், தேய்ந்த மூட்டு, எல்லாம் அதில் இருக்கிறது. டாக்டர் அதைத் திறக்கவே இல்லை.

"ஆபரேஷன் எதுக்கும்மா? மாசம் ஒருவாட்டி அலிபிரியிலேர்ந்து நடந்து மலை ஏறு. தானா குறையும்."

"ரெண்டு வருஷம் ஏறிக்கினுதான் இருந்தேன் சார். முட்டி போனதே அதுலதான்."

"அப்போ சோத்தைக் குறை."

"ஒரு வேளைதான் சார் துன்றேன்."

அவர் போனைக் கையில் எடுத்தார். நர்ஸ் என்னை எடை மெஷினில் ஏற்றினார். அது நூற்று இருபது வரைதான் காட்டுமாம். 'எர்ரர்' என்று வந்தது.

"நூத்தி இருபதுன்னு எழுதிக்கோ" என்றார் டாக்டர், போனிலிருந்து தலை நிமிராமல். பிறகு அந்தச் சீட்டையே பார்த்து, "நூத்தி இருபதுக்கெல்லாம் ஆபரேஷன் தேவையில்லம்மா" என்றார்.

என் எடை நூற்று முப்பத்தாறு. போன மாதம்தான் திருமலையில் துலாபாரம் கொடுத்தேன். தராசில் வெல்லம் ஏற்றியவர் முகம் சுளிக்காமல் கடைசிக் கிலோ வரை எடை போட்டார்.

நூற்று இருபதுக்கு மேலும் எண்ணத் தெரிந்த டாக்டர் நகரி, புத்தூர் பக்கம் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நடந்து வர மாட்டேன், பஸ்ஸில்தான் வருவேன்.