சோகி இருக்கிற கை

என் சின்னம்மாவுக்கு என்னிடம் தோற்றுப் பழக்கமில்லை. அம்மாவின் ஒரே தங்கை அவர். கம்பஸில் கணிதம் படித்து முடித்துவிட்டு எங்களோடு இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் என்னைக் கீரிக் கடற்கரைக்கு ஏற்றிக்கொண்டு போவார். அங்கே நான், சோகி என்று நாங்கள் சொல்லும் ஒரு சோழியை ஒரு கைக்குள் ஒளித்துவிட்டு, இரண்டு கைகளையும் பொத்தி நீட்டுவேன். எந்தக் கை என்று அவர் அநேகமாகச் சரியாகவே சொல்லிவிடுவார். என் முகம்தான் காட்டிக்கொடுக்கிறது என்று துவாயால் முகத்தை மூடியும் பார்த்தேன். பலனில்லை.

"உன்ரை முகம் எனக்கென்னத்துக்கு? ஒரே கையிலை ரெண்டு தரம் வைச்சால் உனக்குப் பயம் வந்திடும், மற்றக் கைக்கு மாத்துவாய். பிடிபட்டால் கோவத்திலை திரும்பவும் அதிலையே வைப்பாய். அலைக்கு ஒரு கணக்கு இருக்கிற மாதிரி உனக்கும் ஒண்டு இருக்கு."

 என் விருப்பப்படிதான் வைக்கிறேன் என்று வாதாடினேன். "ஓம், உன்ரை விருப்பம்தான். அதைத்தான் கணக்கிலை போடுறன்" என்றார்.

அந்தக் கணக்கைப் படிக்கத்தான் அவருக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருந்தது. அலைகளை எழுதுகிற சமன்பாடுகளால் மனத்தையும் எழுத முடியுமா, முடிந்தால் ஒருவர் தானாக முடிவெடுக்கிறார் என்பதற்கு என்ன அர்த்தம், இதுதான் படிப்பு. "அப்ப முதலிலை உங்கடை அக்காவின்ரை மனசை எழுதிக் காட்டுங்கோ பாப்பம்" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. தாய் தகப்பனை இழந்த தங்கையைத் தானே தூக்கி வளர்த்தவர் அவர். "உன்ரை விருப்பம் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்கு வேண்டாம் என்று பொருள். அன்றிலிருந்து சின்னம்மாவுக்குப் பிடித்த கறிகளாகவே சமைத்தார். சின்னம்மா நன்றாகச் சாப்பிட்டார், முடிவை மட்டும் சொல்லவில்லை. பதில் கொடுக்கவேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பொறுத்தவரை அவர் போகவே கூடாது. அந்த ஞாயிறு கடற்கரையில் அதைச் சொல்லியும் விட்டேன். "இண்டைக்கு நான் வெண்டால் நீங்கள் போகக்கூடாது."

"முதலிலை வெண்டு காட்டு."

என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. கீரியில் அலை பெரிதாக அடிக்காது. என் செருப்பொன்றைக் கழற்றி ஈர மணலில் வைத்தால், சில அலைகள் அதைத் தொடும், சில எட்டாமல் திரும்பிவிடும். சின்னம்மாவைக் கடலுக்கு முதுகு காட்டி இருத்தினேன். அலை செருப்பைத் தொட்டால் வலது கை, தொடாவிட்டால் இடது கை. யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி பிழையாகிப் போனது. எனக்கு அதுவே பெரிய வெற்றி. சின்னம்மாவின் நெற்றி சுருங்கியது.

"என்னடி செய்தனி?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. கடல்தான் சொன்னது" என்று செருப்பைக் காட்டினேன்.

அலாப்பி, கள்ளமாக விளையாடுகிறாய் என்று ஏசுவார் என்று பார்த்தேன். அவரோ திரும்பி, அந்தச் செருப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னட்டையிருந்து தப்புறதுக்காக உன்ரை விருப்பத்தைத் தூக்கிக் கடலிட்டைக் குடுத்திட்டாய், என்ன?" என்றார். அது ஏச்சா, பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை.

"வெண்டிட்டன். நீங்கள் நிக்கவேணும்."

சின்னம்மா என் சோகியை வாங்கிக்கொண்டு எழுந்தார். கரையோரமாகக் கொஞ்சத் தூரம் போய், குனிந்து மணலைக் கிளறினார். திரும்பி வந்து இரண்டு கைகளையும் பொத்தி என் முன்னால் நீட்டினார்.

"கடைசியா ஒருக்கா. இப்ப நான் ஒளிக்கிறன். சோகி இருக்கிற கையைத் தொட்டியெண்டால் போறன். வெறுங்கையைத் தொட்டால் நிக்கிறன்."

நான் கடலைப் பார்த்தேன். அலை வந்து செருப்பைத் தொட்டது. அவருடைய வலது கையைத் தொட்டேன். விரித்தார். உள்ளே சோகி இருந்தது.

"அப்ப போறன்" என்று அதை என்னிடம் தந்தார். குரலில் நடுக்கமில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமும் அதே குரலில் சொன்னார். அம்மா அழுதார், பிறகு பெட்டி அடுக்க உதவினார். இடது கையைத் தொட்டிருந்தால் சின்னம்மா நின்றிருப்பார் என்று நான் பல வருடங்கள் கடலோடு கோபித்துக்கொண்டு திரிந்தேன்.

அன்று கடற்கரையிலிருந்து புறப்படுமுன், சின்னம்மா தண்ணீருக்குள் இறங்கி, அதுவரை பொத்தியபடியே வைத்திருந்த இடது கையை விரித்துக் கழுவினார். அடுத்த அலை ஒரு சோகியை உருட்டிக்கொண்டு வந்து என் செருப்பருகே போட்டது. அழுதுகொண்டே அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஒன்றோடு வந்த எனக்கு இரண்டு கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.