மஞ்சள் சட்டை படத்தில் இல்லை

முதல் ஆட்டத்தன்று நடந்தவை:

1. கேமரா பந்தைக் கண்டுபிடித்தது. கடைசி வரை விடவில்லை.
2. பள்ளியின் பெண்கள் கால்பந்து அணி ஜெயித்தது.
3. பந்து பெரும்பாலும் எதிரணியின் பக்கத்திலேயே கிடந்தது.
4. ஒளிபரப்பைப் பார்த்த ஒரு தாய் எனக்குப் போன் செய்து, தன் மகள் எங்கே என்று கேட்டார்.

முதல் மூன்றையும் அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன். நான்காவதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று தெரியவில்லை.

தானாகத் திரும்பி ஆட்டத்தைப் பின்தொடர்ந்து இணையத்தில் நேரலையாகக் காட்டும் கேமராக்களைச் செய்கிற சிறிய நிறுவனம் எங்களுடையது. பனியில் பந்து தொலைந்தால் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்க்க என்னை ஏற்காட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பள்ளி மைதானத்தின் ஒரு மூலையில் கம்பம், அதன் உச்சியில் கேமரா, கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் மடிக்கணினியோடு நான். கடைத்தெருவில் ஒரு மாடி அறை எடுத்திருந்தேன். ஏரிப் பக்கம் நடந்தால், சுற்றுலா வந்தவர்கள் ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்வார்கள். எடுத்துக் கொடுப்பேன். சில நாட்களில் நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

போன் செய்தவர் ஏற்காட்டை ஒட்டிய செம்மநத்தம் கிராமத்துக்காரர். வளைகுடாவில் ஒரு வீட்டில் சமையல் வேலை. அங்கே எல்லோரும் மதியம் தூங்கும் நேரத்தில்தான் இங்கே ஆட்டம். அடுக்களையில் நின்றபடி போனில் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க, கேமரா பாக்கற புள்ளைங்களா? பி.டி. மாஸ்டர் நம்பர் குடுத்தாருங்க. எம்புள்ள கோல்கீப்பருங்க, மஞ்சச் சட்டை. ஒருக்காகூட வரலீங்களே. உக்கார வெச்சுட்டாங்களா?"

"இல்லைங்கம்மா, முழு ஆட்டமும் ஆடினா. பந்து அவ பக்கம் வரவே இல்லை. கேமரா பந்து இருக்கிற இடத்தைத்தான் காட்டும்."

"அப்ப பந்து வந்தாத்தான் எம்புள்ள வருவாளுங்களா?"

"ஆமாங்க."

அவர் சிரித்துவிட்டார். "அது வரக் கூடாதுன்னுதானுங்க நான் இங்க கும்பிட்டுக்கிட்டு நிக்கறேன்."

பிறகு சொன்னார்: "போன்ல தெனமும் மூஞ்சி பாக்கறனுங்க. ஆனா அவ ஆடி நான் பாத்ததே இல்லீங்க. நான் இங்க வந்த பொறவுதான் ஆட ஆரம்பிச்சா."

அந்தப் பெண் பிளஸ் டூ. இன்னும் ஓர் ஆட்டம்தான் பாக்கி; அதன் பிறகு தேர்வு, மைதானம் கிடையாது. மறுநாள் பயிற்சியின்போது அம்மா பேசியதை அவளிடம் சொன்னேன்.

"உடுங்கக்கா. ஜெயிச்சோமில்ல, அது போதும்" என்று கையுறையைக் கடித்து இழுத்துக் கழற்றினாள்.

பி.டி. மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. "அடுத்த மேட்ச்ல ரெண்டு கோல் உட்டுக் குடு கண்ணு. உங்கம்மா நல்லாப் பாக்கட்டும்."

"போங்க சார்! அப்பறம் நீங்க என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவீங்க."

கேமராவை நான் கையால் திருப்ப முடியும். ஆனால் திருப்பினால் சோதனை கெட்டுப்போகும். ஒளிபரப்பைப் பார்க்கும் மற்ற வீட்டுக்காரர்களுக்கும் ஆட்டம் தெரியாது. மென்பொருளில் நான் மாற்றக்கூடியது ஒரே ஓர் இடம்தான். பந்து தொலைந்தால் கேமரா கொஞ்ச நேரம் தேடும். கிடைக்காவிட்டால், முன்கூட்டியே குறித்து வைத்த பக்கம் திரும்பி நிற்கும். வழக்கமாக அது மைதானத்தின் நடு வட்டம். நான் அதைப் பெண்ணின் கோல் பக்கம் மாற்றி வைத்தேன். அதாவது, அந்தத் தாய் மகளைப் பார்க்க வேண்டுமானால் பனி வர வேண்டும்.

கடைசி ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க நல்ல வெயில். பந்து எதிர்ப்பக்கமே உருண்டுகொண்டிருந்தது. மஞ்சள் சட்டை படத்தில் இல்லை. இடைவேளையில் இரு அணிகளும் பக்கம் மாறின. நானும் குறியை மாற்றினேன். இப்போது அவள் நின்றது என் கம்பத்துக்கு அருகிலிருந்த கோலில்.

சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து பனி இறங்கியது. முதலில் தூரத்துக் கோல் மறைந்தது, பிறகு நடு வட்டம். நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. இந்த ஊரில் இதற்கெல்லாம் நிறுத்தினால் ஆட்டமே நடக்காது. கேமரா இடமும் வலமும் தேடியது. பிறகு திரும்பியது.

திரையில் அவள் மட்டும் இருந்தாள். பனி வந்தால் கீப்பர் வாய் மூடக் கூடாது என்பது அங்கே வழக்கம். கோல் எந்தப் பக்கம் என்று தடுப்பாட்டக்காரர்களுக்குக் குரலை வைத்துத்தான் தெரியும். "இங்க இருக்கேன்! இங்க இருக்கேன்! எடதுல பாருங்கடி!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். பதில் வரவில்லை. கைகளை உதறினாள். கோல் கம்பத்தைத் தட்டினாள். குதித்தாள். மறுபடி கத்தினாள். கேமராவோடு இருந்த மைக்கில் எல்லாம் விழுந்தது.

எங்கோ வெள்ளைக்குள் ஒரு கூச்சல் எழுந்தது. அவள் அணி கோல் போட்டிருந்தது. அது யார் வீட்டுத் திரையிலும் வரவில்லை. "கோல் எங்கே?" என்று ஒளிபரப்பின் கீழே ஒருவர் எழுதினார். படத்தில் மஞ்சள் சட்டை மட்டும் தனியாக இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்தது.

பனி விலகியதும் கேமராவுக்குப் பந்து கிடைத்தது. அது அவளை விட்டுத் திரும்பியது. நான் தடுக்கவில்லை.

அன்று மாலை போன் வந்தது.

"பாத்தனுங்க. நொம்பக் கத்தறா. எங்கூட அவ்வளவு பேச மாட்டா. கையை உதறுனாளே, குளுருதுங்களா?"

"ஆமாங்க, குளிருது."

"உள்ள சொட்டரு போடச் சொல்லுங்க." வைக்கப் போனவர், "நீ சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. போனை வைத்த பிறகு கடைத்தெருவில் இறங்கி இட்லி வாங்கி வந்தேன்.

இப்போது நிலைமை இது. அந்தப் பெண் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் அம்மாவுக்கு விடுப்பு இன்னும் முடிவாகவில்லை. குறியை நடு வட்டத்துக்கே மாற்றும்படி அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது, நாளை மாற்றிவிடுவேன். இன்று மைதானத்தில் யாரும் இல்லை. பந்தும் இல்லாததால் கேமரா அந்தக் கோலைப் பார்த்து நிற்கிறது.