விழுந்தவன் அடுத்த ஆட்டத்திலேயே ஏறணும்

1. நைனார்பாளையம்

நான் விழுந்தது எனக்கு ஞாபகமில்லை. அதனால் இந்த முதல் பாகம் முழுக்க என் சம்சாரம் செல்வி சொன்னது. கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பாள், கழித்துக்கொண்டு படியுங்கள்.

நாங்கள் இரண்டு பேருமே மரணக் கிணறு ஓட்டினவர்கள். திருவிழாத் திடலில் பலகைகளை நிறுத்தி வட்டமாகக் கிணறு கட்டுவார்கள். அடியில் சாய்வுப் பலகை. அதில் பைக்கைச் சுற்றி வேகம் பிடித்து, நேர்ச்சுவரில் ஏறணும். ஜனங்கள் மேலே நின்று எட்டிப் பார்ப்பார்கள். இப்போது தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "நீ வுழுந்துகீறியாண்ணே?" என்பதுதான். விழாமல் என்ன, நன்றாகவே விழுந்தேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கப் போராட்டம் சூடாக இருந்த வருஷம் அது. நைனார்பாளையத்தில் திருவிழா. காலையில் தூறல் போட்டு, பலகை சரியாகக் காயவில்லை. நான் இரண்டு கையையும் விட்டு ஜனங்களுக்குக் கும்பிடு போட்டபடி சுவரில் வந்தேன். பின்சக்கரம் வழுக்கிவிட்டது. வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஹெல்மெட்டெல்லாம் கிடையாது. ஹெல்மெட் போட்டால் முகம் தெரியாது, முகம் தெரியாவிட்டால் ஜனங்களுக்கு ருசிக்காது என்பது எங்கள் முதலாளியின் கட்சி. நான் எழுந்து நின்று மறுபடியும் கும்பிட்டேனாம். ஜனங்களைப் பார்த்து இல்லை, பலகையைப் பார்த்து.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவன் அடுத்த ஆட்டத்திலேயே ஏறணும். முகத்தில் சோடா அடித்து, முன்சக்கரத்துக்குக் கற்பூரம் காட்டி ஏற்றிவிடுவார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. அவர் விழுந்தபோது அவரையும் அப்படித்தான் ஏற்றியிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்லடா ஏகாம்பரம், ஏறிடு. வுட்டா பயம் ஒக்காந்துக்கும்" என்று சோடா உடைத்தார்.

நானும் ரெடி. கிக்கரை மிதிக்கப் போனேனாம், கிக்கர் இல்லாத பக்கம் நின்றுகொண்டு.

"செல்வி, இது எந்த ஊரு?"

"நைனார்பாளையம்யா."

"ஓ." கொஞ்ச நேரம் கழித்து, "செல்வி, இது எந்த ஊரு?"

செல்வி போய் என் வண்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இந்த ஆளு இப்ப ஏறக் கூடாது மொதலாளி."

"நீ பொம்பள, பயப்படுற."

"நானும் அதே செவுத்துலதான் ஓட்டிக்கினு இருக்கேன். பயம்னா இன்னான்னு எனக்குத் தெரியும். இது பயம் இல்ல, தல வேல செய்யல."

இந்தச் சண்டை நடக்கும்போதே வெளியே சத்தம். ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல், பஸ் எதுவும் ஓடவில்லை என்று சேதி வந்தது. திடல் கண்மூடித் திறப்பதற்குள் காலி. ஆட்டம் ரத்து. என் தலை தப்பியதற்கு என் புத்தி காரணமில்லை, மறியல்தான் காரணம்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில்தான் கிளம்பினோம். வழியில் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம். அங்கே உட்கார்ந்திருந்த ஆட்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நேத்து ரெண்டு கையும் வுட்டு ஓட்டுனியே, நீதான அது?"

"இது எந்த ஊரு?" என்றேன்.

அவர்கள் உடனே மாட்டை அவிழ்த்து, வண்டியை என்னோடு சேர்த்துத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். மறித்தவர்களே வழியும் கொடுத்தார்கள். அவர்கள் நல்லா இருக்கணும்.

2. டாக்டரம்மா கேட்ட கேள்வி

இங்கிருந்து எனக்கே லேசாக ஞாபகம் இருக்கிறது. டாக்டரம்மா கண்ணில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "உங்க சம்சாரம் பேரு என்ன?" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "ராஜாத்தி" என்றேன்.

டாக்டரம்மா செல்வியைப் பார்த்தார். "நீங்கதானே ராஜாத்தி?"

"அது பைக்குங்க. டேங்குல செவப்பு பெயிண்ட்ல எழுதி வச்சிக்கினு இருக்கு."

இன்றைக்கு வரைக்கும் வீட்டில் குழம்பு ருசியாக இல்லை என்று நான் சொன்னால், "போயி ராஜாத்திய வைக்கச் சொல்லு" என்றுதான் பதில் வரும்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மண்டைக்குள்ள மூளை நல்லா குலுங்கியிருக்கு. ரெஸ்ட் எடுத்தா ஆறும். ஆறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா உசுருக்கே ஆபத்து."

"விழுந்த கையோட ஏறணும்னு எங்க தொழில்ல சொல்லுவாங்கம்மா" என்றாள் செல்வி.

"கால் ஒடைஞ்சா ஓடச் சொல்லுவாங்களா?" என்றார் டாக்டரம்மா. அது செல்வியின் மனசில் பதிந்துபோனது.

3. வெள்ளிமலை

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் செல்வி என்னை வெள்ளிமலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவள் அண்ணன் சாமை பயிர் வைத்திருந்தார். கிணற்றில் தினமும் சுற்றி வந்த நான், மலைப்பாதையில் ஜீப் திரும்புகிற ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தேன். டிரைவருக்கு நான் யார் என்று சொல்ல வேண்டாம் என்று செல்வியைக் கெஞ்சினேன். முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள்.

வெயில் பட்டால் தலை இடிக்கும். தட்டு கீழே விழுகிற சத்தத்துக்குக் கோபம் வரும். உப்பு என்று கேட்க நினைத்து செருப்பு என்று கேட்பேன். மச்சான் நிஜமாகவே செருப்பைக் கொண்டுவந்து வைப்பார். பகலில் இப்படிச் சிரிப்பாக இருந்தாலும், தனியாக இருக்கும்போது அழுதேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. பலகையில் ஏற முடியாவிட்டால் நான் யார் என்பதே எனக்குத் தெரியவில்லை.

செல்வி ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. "நீ இப்ப புது ஆளு. புது ஆளுக்கு இன்னா பாடமோ அதுதான் ஒனக்கும்" என்றாள். தொழிலுக்குப் புதுசாக வருகிறவனை வண்டியைத் தொட விடமாட்டோம். முதலில் வட்டத்தில் நடக்க விடுவோம், பிறகு சைக்கிள், பிறகுதான் பைக். வெள்ளிமலையில் வட்டத்துக்கு எங்கே போவது? சாமைத் தாளை மாடு கட்டி மிதிக்கவிடுகிற களம் இருந்தது. மாடுகளுக்குப் பின்னால் என்னையும் நடக்கவிட்டாள்.

மாடு சுற்றும். எனக்குத் தலை சுற்றும். நான் மாட்டின்மேல் சாய்வேன், மாடு திரும்பிப் பார்க்கும்.

"தரையப் பாக்காத, முன்னாடி பாரு" என்று செல்வி களத்து ஓரத்தில் உட்கார்ந்து கத்துவாள். அவளுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அப்போது முதலாளி ஆள் அனுப்பினார். போராட்டம் தணிந்துவிட்டது, சின்னசேலத்தில் கிணறு கட்டுகிறோம், ஏகாம்பரம் வரலையென்றால் வேறு ஆளைப் பார்க்கணும் என்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நாளைக்கே எறங்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"சரி. சைக்கிள்ல களத்தச் சுத்தி வா. சுத்திட்டா நானே ஒன்ன அனுப்பறேன்."

மச்சானின் சைக்கிளில் ஏறினேன். ஒரு சுற்று ராஜா மாதிரி வந்தேன். அடுத்த சுற்றில் களம் தனியாகச் சுற்ற ஆரம்பித்தது. சைக்கிளோடு போய் வைக்கோல் போரில் சொருகிக்கொண்டேன். வெளியே தெரிந்தது கால் மட்டும்தான். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உள்ளே நானும் சிரித்தேன். ஆனால் போர் இருந்த இடத்தில் பலகை இருந்திருந்தால் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

4. சின்னசேலம்

என் ஆட்டத்தையும் சேர்த்துச் செல்வி தனியாக ஓட்டினாள். நான் மேலே மைக் பிடித்தேன். பொண்டாட்டி சுவரில் ஓடும்போது "பாருங்க, பாருங்க" என்று கத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் இறங்கும்போது சாய்வுப் பலகையில் அவள் வண்டி சறுக்கிவிட்டது. சின்னதாகத்தான் விழுந்தாள். ஆனால் தலை பலகையில் மோதிய சத்தம் மைக்கிலேயே கேட்டது. முதலாளி சோடாவோடும் கற்பூரத்தோடும் கிணற்றுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

நான் மைக்கிலேயே சொன்னேன். "ஆட்டம் முடிஞ்சிது. எல்லாரும் வூட்டுக்குப் போலாம்."

"டேய், இன்னாடா சொல்ற?" என்று கீழே இருந்து முதலாளி.

பதில் சொல்லாமல் இறங்கிப் போய் வண்டிச் சாவியைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன். செல்வி உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரே குந்தினேன்.

"செல்வி, ஒம் புருசன் பேரு இன்னா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நிதானமாக, "ராஜாத்தி" என்றாள்.

எனக்கு உசிரே போய்விட்டது. முதலாளி கையிலிருந்த கற்பூரம் கீழே விழுந்தது. அப்புறம்தான் அவள் வாயோரம் துடிப்பதைப் பார்த்தேன்.

"நீ மட்டும் சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா?" என்றாள்.

சிரித்தாலும் சாவியை நான் கொடுக்கவில்லை. டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகுதான் அவள் ஏறினாள். அடுத்த சாமை அறுப்புக்குப் பிறகு, களத்தைச் சைக்கிளில் சுற்றிக் காட்டிவிட்டு நானும் ஏறினேன், ஹெல்மெட்டோடு. ஜனங்கள் அப்போதும் கைதட்டினார்கள்.

பயம் உட்கார்ந்தால் எழுப்பிவிடலாம், பலகை எங்கேயும் ஓடிப்போகாது, தலை ஒன்றுதான். இப்போது எங்கள் ஆட்களில் யார் விழுந்தாலும் முதலில் சாவி என் பாக்கெட்டுக்கு வரும், ஆள் டாக்டரிடம் போவான். போகிற வழியில் சம்சாரம் பேரைக் கேட்பேன். கல்யாணம் ஆகாதவனாக இருந்தால் வண்டியின் பேரைக் கேட்பேன்.