புயலக்கா கையைக் கட்டிக்கொண்ட கதை

முப்பத்திரண்டு குழந்தைகளுக்கு ஏழே நிமிடத்தில் ஷூ மாட்டி, மூக்கைத் துடைத்து, பையைத் தோளில் ஏற்றி வாசலில் வரிசையாக நிறுத்திவிடுவார். அதனால்தான் அவருக்குப் புயலக்கா என்று பெயர். மோட்டார் பட்டறைக்குப் பின்னால் இருந்த, மூன்றே வகுப்பறைகள் கொண்ட மழலையர் பள்ளியில் பதினெட்டு வருடமாக உதவியாளர். அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடப் பெற்றோர் வாசலில் காத்து நின்றது கிடையாது. ஐம்பத்தொரு வயதில் அவர் வெளியே சொல்லிக்கொண்ட பெருமை அது ஒன்றுதான்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க ஒரு சொல் வந்தது. அங்கீகாரம்.

புதிதாக வந்த தலைமையாசிரியை பள்ளியைத் தலைகீழாக மாற்றினார். பெஞ்சுகள் போயின. பாய்களும், குழந்தையின் மார்பளவு உயரத்தில் அலமாரிகளும், உள்ளங்கைக்குள் அடங்கும் தண்ணீர்க் கூஜாக்களும் வந்தன. இனி குழந்தை தனக்குப் பிடித்த வேலையைத் தானே எடுத்துச் செய்யும், பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறையில்தான் பள்ளி நடக்கிறது என்று ஒரு சங்கம் நேரில் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். அதற்கு நூற்றிருபது பக்கப் படிவம். வகுப்பு டீச்சர் காலையில் அதை நிரப்பினாள், மாலையிலும் நிரப்பினாள். குழந்தைகளை எப்படிக் கவனிக்கிறோம் என்று எழுதி எழுதியே குழந்தைகளைக் கவனிக்க நேரம் இல்லாமல் போனது.

புயலக்காவுக்குத் தனியாக ஒரு தலைவலி.

"அக்கா, பட்டனை நீங்க போட்டு விடாதீங்க. அவங்களே போடட்டும்" என்றார் தலைமையாசிரியை.

"அவங்களுக்குப் போடத் தெரியாதே மேடம்."

"அதனாலதான் அவங்களே போடணும்."

புயலக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகப் பட்டன் போட்டு விட்டார்.

சங்கத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் ஒல்லியான மனிதர். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, மூன்று மணி நேரம் மூலையில் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குக் குழந்தைகள் தங்கமாக நடந்துகொண்டார்கள். எல்லாம் முடிந்து எழுந்தவர் புயலக்காவைக் காட்டிக் கேட்டார்:

"இவங்க யாரு?"

"உதவியாளர் சார். சுத்தம் பண்றது, அந்த மாதிரி வேலை" என்றார் தலைமையாசிரியை.

"நாற்பத்தொரு தடவை குழந்தைங்க வேலைக்குள்ள கையை நுழைச்சிருக்காங்க. நான் எண்ணிட்டே இருந்தேன்."

புயலக்காவுக்கு அவமானத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒரு வளர்ந்த ஆள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து இதையா எண்ணுவார்?

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. அறை நன்று, பொருள்கள் நன்று, டீச்சர் நன்று. ஆனால் வகுப்பறையில் இருக்கும் ஒவ்வொரு பெரியவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். உதவியாளர் பெறவில்லை. ஆறு மாதத்துக்குள் பயிற்சி தர வேண்டும், அல்லது அவரை வகுப்பறைக்கு வெளியே வைக்க வேண்டும். அதுவரை அங்கீகாரம் நிறுத்திவைக்கப்படுகிறது.

"உங்களை வாசலுக்கு மாத்திடட்டுமா அக்கா? கேட் பார்த்துக்கிட்டா போதும். வேலையும் கம்மி" என்று தலைமையாசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பதினெட்டு வருஷம் உள்ள இருந்துட்டு இப்ப கேட்டுக்குப் போகணுமா? நான் அந்தப் பயிற்சிக்கே போறேன்" என்றார் புயலக்கா. கோபத்தில் வந்த வார்த்தை. வாயை விட்ட பிறகுதான், பத்து சனிக்கிழமை போக வேண்டும் என்று தெரிந்தது.

அவருடைய கணவர் ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவர். விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சும்மா உட்கார்ந்திருக்கறதுக்குப் பயிற்சியா? நான் இருபது வருஷமா ஸ்டூல்ல உட்கார்ந்துதானே இருக்கேன். எனக்கு ஒரு பய சான்றிதழ் தரலையே!"

"நீங்க வேற ஏங்க எரிச்சலைக் கிளப்புறீங்க?" என்று சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்தார் புயலக்கா.

முதல் சனிக்கிழமை முழுக்க, சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை தண்ணீர் ஊற்ற. பயிற்சி கொடுத்த பெண்ணுக்குப் புயலக்காவின் மகள் வயதுதான் இருக்கும்.

"இன்னும் மெதுவா ஊத்துங்கம்மா."

"இதுக்கு மேல மெதுவா ஊத்துனா தண்ணி காஞ்சிடும்மா."

வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, "சரி, மறுபடி ஊத்துங்க" என்றாள். விடவே இல்லை.

எட்டாவது வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்து எழுத வேண்டும். பேசக் கூடாது, தொடக் கூடாது, முகத்தால் சைகைகூடக் காட்டக் கூடாது. புயலக்கா எடுத்துக்கொண்டது பட்டாணியை. வகுப்பிலேயே குட்டியானவன் என்பதால் அந்தப் பெயர். நாலு வயது. ஷூ போடுகிற நேரம் வந்தால் ராஜா மாதிரி புயலக்காவிடம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

முதல் நாள் நாலாவது நிமிடத்தில் புயலக்காவின் கை தானாகப் போய் அவன் மூக்கைத் துடைத்துவிட்டது. வீட்டுப்பாடம் அதோடு சரி. மறுநாள் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எழுதுவதற்கு மட்டும் வலது கையை வெளியே எடுத்தார். அவர் எழுதியது இப்படி:

"9.40. இடது ஷூவை வலது காலில் போடுகிறான். நான் சொல்லவில்லை. 9.43. கழற்றுகிறான். 9.44. ஜன்னலைப் பார்க்கிறான். அங்கே ஒன்றும் இல்லை. 9.47. இன்னும் ஜன்னல். எனக்கு உயிர் போகிறது. 9.51. சரியான காலில் போட்டுவிட்டான். வாரைக் கொக்கியில் மாட்டத் தெரியவில்லை. 9.55. தெரியவில்லை. 10.02. தெரியவில்லை. 10.06. மாட்டிவிட்டான்."

இருபத்தாறு நிமிடம். அப்பாடா என்று புயலக்கா மூச்சு விட்டார். அதற்குள் பட்டாணி மாட்டிய வாரை அவிழ்த்தான். திரும்ப மாட்டினான். மறுபடி அவிழ்த்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏழு தடவை. ஏழாவது தடவை அவன் அதைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் செய்துவிட்டான். பிறகு எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாடப் போனான்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் புயலக்கா அவனைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன்டா, உனக்கே இதெல்லாம் வருதுல்ல? அப்புறம் எதுக்குத் தினமும் என்கிட்ட காலை நீட்டுன?"

பட்டாணி கொஞ்சம் யோசித்தான்.

"நீங்கதானே அவசரமா இருந்தீங்க" என்றான்.

புயலக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பொடியன் மேலா, தன் மேலா, குட்டி நாற்காலியில் உட்கார்ந்து நாற்பத்தொன்று எண்ணிய அந்த மனிதர் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். எழுதிய தாளை டீச்சரின் மேசையில் வைத்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கேனான்னு பாருங்க. இல்லைன்னாலும் இன்னொரு தடவை எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் படித்துவிட்டு, "அக்கா, நான் எழுதுன நூற்றிருபது பக்கத்தை விட இது நல்லா இருக்கு" என்றாள். அதற்கும் புயலக்கா முறைக்கத்தான் செய்தார்.

ஆறாவது மாதம் அதே ஒல்லி மனிதர் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். புயலக்கா எதிர் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு குழந்தை தண்ணீரைக் கொட்டியது. தலைமையாசிரியைதான் பதறித் துணியோடு ஓடி வந்தார். "இருங்க மேடம், அவளே துடைப்பா" என்று புயலக்கா தாழ்ந்த குரலில் தடுத்தார். அந்த மனிதர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். யாரைப் பற்றி என்றுதான் தெரியவில்லை.

ஆனால் வீட்டுக்குப் போகிற நேரம் தாண்டி இருபது நிமிடம் ஆயிற்று. உள்ளே முப்பத்திரண்டு பேர் ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே பெற்றோர் கூட்டம் கேட்டை ஆட்டியது. புயலக்கா போய் நின்றார்.

"என்னங்க இது, இவ்வளவு நேரமா?" என்று ஒரு அப்பா கத்தினார். "நீங்க போட்டு விட்டா ரெண்டு நிமிஷ வேலைதானே?"

"ரெண்டு நிமிஷம்லாம் ஆகாது சார். ஒரு நிமிஷம் போதும். அதான் பிரச்சினையே."

அந்த அப்பாவுக்குப் புரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். புயலக்காவுக்கு அவர் மேல் பரிதாபம்கூட வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் தனக்கும் இது புரிந்திருக்காது.

அங்கீகாரம் வந்தது. மூன்று வருடத்துக்கு மட்டும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதற்கு இப்போதிருந்தே ஆவணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று இரண்டாவது பக்கத்தில் இருந்தது. டீச்சர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தலைமையாசிரியை மட்டும் எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார். ஊழியர் பட்டியலில் புயலக்காவின் பெயருக்கு எதிரே துணை ஆசிரியை என்று அச்சாகியிருந்தது. அதை அவர் இரண்டு தடவை படித்தார்.

இப்போது மாலையில் வகுப்பறையைக் குழந்தைகளே பெருக்குகிறார்கள். தங்கள் உயரத்துக்கு ஏற்ற துடைப்பத்தால், மிகுந்த கவனத்தோடு, குப்பையையெல்லாம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளுகிறார்கள். புயலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறார். கடைசிக் குழந்தையும் போன பிறகு எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, அத்தனையையும் நாலே நிமிடத்தில் பெருக்கி அள்ளுகிறார். அதை மட்டும் அவர் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.