படங்கள்: டேவிட்

டெல்லி முனிர்காவில் எங்கள் சந்துக்குப் பார்சல் கொண்டுவரும் ஆட்கள் கீழே நின்றுகொண்டு, "சிஸ்டர் கே ஹஸ்பெண்ட்!" என்று கத்துவார்கள். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள் பால்கனிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்து, சிஸ்டரின் வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார் என்று இந்தியில் அறிவித்துவிடும். பார்சலில் இருப்பது என் மனைவியின் பெயர். வாங்கிக்கொள்ள வேண்டிய ஓடிபியும் அவள் போனுக்குத்தான் வரும். வார்டில் நிற்பவளைக் கூப்பிட்டு, எண்ணைக் கேட்டு, பார்சல்காரனிடம் ஒப்பித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி நான்கு மாடி ஏறுவேன். ஆறு வருடமாக இப்படித்தான் போகிறது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். நர்ஸைக் கட்டிக்கொண்டு அவள் வேலைக்குப் பின்னாலேயே ரயிலேறி வந்த ஆண்கள் டெல்லியில் நிறையப் பேர் இருக்கிறோம். எங்களுக்குச் சிரிப்பு வராது. ஜெயராணி அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். வார்டில் அவள் சிஸ்டர், தெருவிலும் சிஸ்டர், கோவிலிலும் சிஸ்டர். நான் சிஸ்டரின் வீட்டுக்காரர். அவளாவது என் பெயரைச் சொல்வாளா என்றால், எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது வாயில் வராது. என்னிடம் "என்னங்க" என்பாள், பிறரிடம் "எங்க வீட்டுக்காரவுக" என்பாள். ஆகவே வெள்ளியும் செவ்வாயும் அம்மா போனில் "ஏல ராயப்பா" என்று கூப்பிடும் அந்தப் பத்து நிமிடம் தவிர, இந்த நகரத்தில் என் பெயர் காற்றில் ஒலிப்பதே இல்லை.

வள்ளியூரில் அப்படி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் என் ஸ்டுடியோ. போர்டில் என் பெயர் நீல எழுத்தில் இருந்தது. ரேஷன் கார்டுக்குப் படம் வேண்டுமென்றால், "ராயப்பன்கிட்ட எடுத்துட்டு வா" என்பார்கள். ஜெயராணிக்கு இங்கே வேலை கிடைத்ததும் போர்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, கேமராவையும் மூன்று லென்சுகளையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் ஞானஸ்நானம், முதல் நற்கருணை, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் நர்ஸ் பெண்களுக்கு வரன் வீட்டுக்கு அனுப்பும் படம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கேமரா கழுத்தில் தொங்கினால் ஆட்கள் விலகி வழி விடுவார்கள், "இங்க நிக்கட்டுமா அண்ணே" என்று கேட்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் நான் யாருடைய வீட்டுக்காரரும் இல்லை.

ஆகஸ்ட் மாதம், ஒரு குழந்தையின் தலையில் சாமியார் தண்ணீர் ஊற்றும் சரியான நொடியில், அந்தக் கேமரா செத்துப்போனது. உள்ளே கண்ணாடி மேலே எழும்பி அப்படியே நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு ஷட்டர் முழுக்கப் போய்விட்டது என்றார். சரி செய்யக் கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் பழைய கேமரா ஒன்றே வாங்கிவிடலாம். செப்டம்பர் கடைசி ஞாயிறு இங்கே மாதா திருவிழா. ஆறு வருடமாகத் தேர்ப் பவனியை நான்தான் எடுக்கிறேன். இந்த வருடம் வெறுங்கையோடு போய், ஜெயராணியின் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நிற்பதை நினைத்தாலே உடம்பு கூசியது.

"போனஸ் வரும்லா, நான் போடுதேன். புதுசாவே வாங்குங்க," என்றாள் ஜெயராணி. நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் வேண்டாம் என்றதில் இருந்த கோபம் எனக்கே அசிங்கமாக இருந்தது. இந்த வீட்டின் வாடகை அவளுடையது, அரிசி அவளுடையது. கேமராவாவது என்னுடையதாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்த்தது இருபத்திரண்டாயிரம் இருந்தது.

இருபத்திரண்டாயிரத்தை வைத்துக்கொண்டு கேமரா தேடுவது ஒரு முழுநேர வேலை. சாந்தினி சௌக்கில் கேமராக் கடைகள் நிறைந்த சந்தில் மூன்று நாள் அலைந்தேன். ஒரு கடைக்காரர் என் தொகையைக் கேட்டதும், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், கேமரா வைக்கும் பையையும் அதை நிறுத்தும் முக்காலி ஒன்றையும் எடுத்து முன்னால் வைத்தார். அதற்கு அவ்வளவுதான் கிடைக்குமாம். இன்னொருவர், "டிஎஸ்எல்ஆர் தோ கதம் ஹோ கயா, மிரர்லெஸ் லே லோ," என்று அறிவுரை சொன்னார். டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்தது எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே கண்ணாடி இல்லாத அந்தப் புது வகையை வாங்கினால் என் மூன்று லென்சும் அதில் நேரடியாகப் பொருந்தாது. நடுவில் மாட்ட ஒரு வளையம் வாங்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. எனக்கு வேண்டியது அதே கம்பெனியின் பழைய கேமரா ஒன்று, லென்ஸ் இல்லாத வெறும் உடல், அதிகம் ஓடாதது. "மத்ராஸில் மலிவாகக் கிடைக்குமே," என்றார் அவர். என் ஊர் மெட்ராஸ் இல்லை, அங்கிருந்து ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும் என்றேன். "ஏக் ஹீ பாத் ஹை," என்று சிரித்தார். எல்லாம் ஒன்றுதானாம். அந்த எரிச்சல் மெட்ரோவில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

பழைய சாமான் விற்கும் செயலியில்தான் கடைசியில் அது அகப்பட்டது. கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு. எட்டு வருடப் பழசு, விலை இருபத்தாறாயிரம். அப்போது சிராத்தப் பட்சம் தொடங்கியிருந்தது. அந்தப் பதினைந்து நாளும் இங்குள்ளவர்கள் முன்னோருக்குத் திதி கொடுப்பார்கள். எதையும் வாங்க மாட்டார்கள், கடைகள் ஈயாடும். டெல்லியில் பழகிய நம் ஆட்கள் ஃபிரிட்ஜும் பைக்கும் அந்த நாட்களில்தான் பேரம் பேசி வாங்குவார்கள். வேதக்காரனான எனக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. பஸ்ஸில் போகும்போதே வசனத்தைத் தயார் செய்துகொண்டேன்.

கதவைத் திறந்தவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய அம்மா. பருத்திப் புடவை, நெற்றியில் சிறிய பொட்டு. வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள், வெறும் சுவர்கள். வேலையில் இருக்கும்போதே கணவர் இறந்துவிட்டதால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டுமாம், மீரட்டில் மகள் வீட்டுக்குப் போகிறார். கணவருடைய கேமராவை மேசையில் வைத்தார். பிடி ரப்பர் தேயவில்லை, ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் கீறல் இல்லை. லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன். ஷட்டர் நாற்பதாயிரம் தடவைகூட ஓடியிருக்கவில்லை. சொன்ன விலை நியாயமானதுதான். ஆனாலும் நான் என் வசனத்தைச் சொன்னேன்: சிராத் நடக்கிறதே ஆன்டி, இப்போது யார் வந்து வாங்குவார்கள்? நான் மத்ராசி, எனக்குப் பரவாயில்லை, இருபத்தொன்று தருகிறேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு, "டீக் ஹை," என்று சம்மதித்தார்.

சார்ஜரை எடுப்பதற்காக ஒரு பெட்டியைப் பிரித்தபோது, செய்தித்தாளில் சுற்றியிருந்த சட்டம் ஒன்று சரிந்தது. நல்ல மேய்ப்பன் படம். தோளில் ஆட்டுக்குட்டி, கீழே இந்தியில் வசனம். என் கழுத்தில் கிடந்த செபமாலையை அவர் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். "நாங்களும் கிறிஸ்தவர்கள்தான், பேட்டா. எங்களுக்குச் சிராத் கிடையாது," என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். மிசஸ் மசி அவர் பெயர். இந்தி பேசி, பொட்டு வைத்திருந்தால் இந்துவாகத்தான் இருக்க வேண்டும் என்று நானும் முடிவு கட்டியிருக்கிறேன். கடைக்காரர் சொன்ன 'எல்லாம் ஒன்றுதான்' என்னிடமும் இருந்திருக்கிறது. அப்போதாவது அவர் கேட்ட விலைக்குக் கொஞ்சம் பக்கத்திலாவது போயிருக்கலாம். பையில் இன்னும் ஆயிரம் ரூபாய் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. சார்ஜரை வாங்கிக்கொண்டு, தேங்க்யூ சொல்லிவிட்டு, படியிறங்கி வந்துவிட்டேன்.

திருவிழா நன்றாக நடந்தது. காவி உடுத்திய கூட்டம், தேர், மழைத்தூறல், மாதாவின் முகத்தில் விழுந்த மஞ்சள் வெளிச்சம் என்று எழுநூறு படங்கள் எடுத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படங்களில் பத்துப் படமாவது அதில் இருக்கும். நவம்பரில் எங்கள் தமிழ்ச் சமூகத்தின் ஆண்டு மலர் வரும். அதன் அட்டைக்கு என் படத்தையே எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை படம் எடுத்தவர் பெயரும் வரும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். ஜெயராணியிடம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அச்சில் வந்தபிறகு காட்ட நினைத்தேன்.

மலர் வந்த ஞாயிறு அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கத்தில் நல்ல கொட்டை எழுத்தில், 'படங்கள்: டேவிட்' என்று இருந்தது.

செயலாளர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற மதுரைக்காரர். என் தோளைத் தட்டி, "அட்டகாசமா வந்திருக்கு தம்பி. பேரையும் போட்டுட்டேன் பாத்தீங்களா? ஆறு வருசமா சிஸ்டர் வீட்டுக்காரர்னே ஓட்டிட்டோம். இப்பப் போயி உங்க பேரென்னன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? நல்லவேளை, படத்தோட விவரத்துலயே இருந்துச்சு," என்றார். எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. இந்த மாதிரிக் கேமராவில் உரிமையாளரின் பெயரைப் பதிந்து வைத்தால் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது போய் உட்கார்ந்துகொள்ளும். வாங்கிய அன்றே நான் எல்லா அமைப்பையும் அழித்தேன். பெயர் மட்டும் அதில் அழியாது, தனியாகப் போய் அழிக்க வேண்டும். தொழில்காரன் நான், அதை மறந்துவிட்டேன். "நல்லா வந்திருக்கு சார்," என்றேன்.

வீட்டில் ஜெயராணி படித்துவிட்டுக் கொதித்தாள். "இதென்ன, ஒங்க பேரே இல்லயே! யாரு இந்த டேவிட்டு? சாருக்கு போன் போடுங்க, அடுத்த மலர்ல திருத்திப் போடட்டும்." போடுகிறேன் என்றேன். எனக்கு அழவேண்டும் போல் இருந்தது. ஆறு வருடத்தில் ஒருமுறை அச்சில் வரவிருந்த பெயர் இப்படிப் போய்விட்டதே என்று ஆற்றாமை. அதோடு, கோல் மார்க்கெட்டில் நான் எடுக்காமல் பையிலேயே வைத்திருந்த அந்த ஆயிரம் ரூபாயும் ஞாபகத்துக்கு வந்தது. செயலாளருக்குப் பதில் மிசஸ் மசிக்கு அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினேன். உங்கள் கணவரின் பெயர் எங்கள் மலரில் வந்திருக்கிறது என்று இந்தியில் பேசிப் பதிந்தும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது. "எனக்கு இந்த எழுத்து தெரியாதே பேட்டா. இதில் டேவிட் எங்கே இருக்கிறது?"

படத்தைத் திறந்து, அந்த ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்தன. மறுநாள் ஒரு புகைப்படம் வந்தது. மீரட்டில் ஏதோ ஒரு சுவரில், நல்ல மேய்ப்பன் சட்டத்துக்குப் பக்கத்தில், வட்டம் போட்ட அந்தத் தமிழ்ச் சொல் பிரிண்ட் போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

அதற்குப்பிறகு எந்த முகத்தோடு செயலாளருக்கு போன் செய்வது? கேமராவில் பெயரை அழிக்கும் இடத்துக்கு இரண்டு முறை போனேன். அழிக்கவா என்று கேட்டது. கேன்சல் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மலர் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கோவிலில் இப்போது சிஸ்டரின் வீட்டுக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. வரன் படம் எடுக்க வரும் பெண்கள் முதல்கொண்டு டேவிட் அண்ணன் என்கிறார்கள். ஜெயராணி முதலில் முறைத்தாள், இப்போது அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கல்யாண நிச்சயம் எடுக்கப் போயிருந்தேன். கழுத்தில் கேமரா. வாசலில் நிற்கும்போது அம்மாவின் போன் வந்தது. "ஏல ராயப்பா, சாப்ட்டியால? குளுரு ஆரம்பிச்சுட்டாமே," என்றாள். அதே நேரம் உள்ளேயிருந்து யாரோ, "டேவிட் அண்ணே, மோதிரம் மாத்தப் போறாங்க, வாங்க!" என்று கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்," என்றேன். அம்மா, "எங்க வார, ஊருக்கா?" என்று கேட்டாள்.